ஜெபக்கூட்டத்துக்கு வர மறுத்த மாணவர்கள்

1909 ஜனவரி. பெய்ரூட்டில் மத்தியதரைக் கடலைப் பார்த்து நிற்கும் சிரிய புராட்டஸ்டண்ட் கல்லூரியில் வழக்கமான காலை ஜெபக்கூட்டம். வழக்கத்துக்கு மாறாகப் பல இருக்கைகள் காலி. முஸ்லிம் மாணவர்களும் யூத மாணவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இனி ஜெபத்துக்கோ பைபிள் வகுப்புக்கோ வருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். முஸ்லிம்களைச் சீண்டுவதாக அவர்கள் கருதிய ஒரு பிரசங்கம்தான் தீப்பொறி. ஆனால் விறகு பல வருடங்களாகவே அடுக்கப்பட்டிருந்தது.

கல்லூரி நிர்வாகத்தின் பதில் எளிமையானது. இது கிறிஸ்தவக் கல்லூரி. ஜெபம் கட்டாயம் என்பது சேரும்போதே தெரியும். தெரிந்து சேர்ந்துவிட்டு இப்போது முடியாது என்றால் எப்படி? மாணவர்களின் பதிலும் எளிமையானதுதான். ஆறு மாதங்களுக்கு முன், 1908 ஜூலையில், இளம் துருக்கியர்களின் புரட்சி சுல்தானைப் பணியவைத்து அரசியல் சட்டத்தை மீட்டுக் கொடுத்திருந்தது. சுதந்திரம், சமத்துவம் என்ற முழக்கம் தெருவெல்லாம் கேட்டது. அந்தச் சுதந்திரம் கல்லூரி வாசலில் நின்றுவிடுமா என்பது அவர்கள் கேள்வி.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான் சங்கடம்.

கல்லூரியின் பூர்வகதை தமிழர்களுக்கு ஓரளவு பரிச்சயமானது. 1816ல் யாழ்ப்பாணத்துக்கும் 1834ல் மதுரைக்கும் ஆட்களை அனுப்பிய அதே பாஸ்டன் மிஷனரி சங்கம்தான் 1820களில் பெய்ரூட்டிலும் கால் பதித்தது. முஸ்லிம்களைக் கிறிஸ்தவர்களாக்குவது கனவு. நடைமுறையோ வேறு. கலீபாவின் ராஜ்ஜியத்தில் இஸ்லாத்தை விட்டு விலகுவது மரண தண்டனைக்குரிய குற்றம். அந்தத் தண்டனையை நிறைவேற்றுவதில்லை என்று சுல்தான் உறுதியளித்ததே 1844ல்தான், அதுவும் ஐரோப்பிய நாடுகளின் நெருக்குதலால். ஆக மிஷனரிகளிடம் சிக்கியவர்கள் ஏற்கனவே கிறிஸ்தவர்களாக இருந்த மரோனைட்டுகளும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ்காரர்களும்தான். அவர்களுடைய சபைகள் கொதித்தன. புராட்டஸ்டண்ட் பக்கம் சாய்ந்த ஆசாத் ஷித்யாக் என்ற மரோனைட் இளைஞர் சொந்த சபையாராலேயே மடாலயத்தில் அடைக்கப்பட்டு, 1830 வாக்கில் அங்கேயே இறந்துபோனார்.

பிரசங்கம் பலிக்காத இடத்தில் படிப்பு பலிக்கலாம் என்று தோன்றியது. பாஸ்டன் தலைமையகம் ஒத்துக்கொள்ளவில்லை. உயர்கல்வி ஆட்களை ஆண்டவரிடம் கொண்டுவருவதைவிட உத்தியோகத்துக்கு அனுப்புவதில்தான் முடிகிறது என்பது அதன் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சனின் கட்சி. அந்தக் கொள்கைதான் 1855ல் வட்டுக்கோட்டை செமினரியை மூட வைத்தது. எனவே டேனியல் ப்ளிஸ் என்ற மிஷனரி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அலைந்து நிதி திரட்டி, சங்கத்தின் பிடியில் இல்லாத தனி அறங்காவலர் குழுவோடு 1866 டிசம்பரில் கல்லூரியைத் திறந்தார். முதல் வகுப்பில் 16 மாணவர்கள்.

1871ல் பிரதான கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது ப்ளிஸ் பேசியதை அந்தப் பல்கலைக்கழகம் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறது. எந்த நிறத்தவரும் எந்த மதத்தவரும் இங்கே படிக்கலாம். ஒரு கடவுளையோ பல கடவுள்களையோ நம்பிக்கொண்டு, அல்லது எதையுமே நம்பாமல் வெளியே போகலாம். ஆனால் நாங்கள் எதை உண்மை என்று நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே இருக்க முடியாது. சாராம்சம் இதுதான். முதல் பாதியில் தாராளம். பின் பாதியில் ஜெபக்கூட்டத்தின் வருகைப் பதிவேடு.

இந்த வாக்குறுதிக்கு முதல் சோதனை முஸ்லிம்களிடமிருந்து வரவில்லை. 1882 ஜூலையில் பட்டமளிப்பு விழாவில் பேசிய வேதியியல் பேராசிரியர் எட்வின் லூயிஸ், மூன்று மாதங்களுக்கு முன் காலமான டார்வினைப் பாராட்டிவிட்டார். உரை அரபியில், விஞ்ஞானம் பற்றி. நிர்வாகத்துக்குப் பொறுக்கவில்லை. லூயிஸ் ராஜினாமா செய்ய நேர்ந்தது. அவருக்கு ஆதரவாக மருத்துவ மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். பைபிளின் அரபு மொழிபெயர்ப்பை 1865ல் முடித்துத் தந்தவரும் மருத்துவப் பாடநூல்களை அரபியில் எழுதியவருமான கொர்னீலியஸ் வான் டைக் வேலையை உதறினார். கல்லூரியை விட்டுப்போன மாணவர்களில் ஒருவர் ஜுர்ஜி ஜெய்தான். கெய்ரோவுக்குப் போன அவர் 1892ல் தொடங்கிய ‘அல் ஹிலால்’ அரபு உலகின் முக்கியப் பத்திரிகைகளில் ஒன்றானது. ஜெய்தானும் கிறிஸ்தவர்தான். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த கல்லூரி, முதல் கேள்வியிலேயே தடுமாறியது.

1909க்குத் திரும்பினால், ஸ்தாபகரின் மகன் ஹோவர்ட் ப்ளிஸ் அப்போது தலைவர். வேலைநிறுத்தத்தின்போது அவர் அமெரிக்காவில் இருந்தார். உள்ளூர் முஸ்லிம் பிரமுகர்களும் பத்திரிகைகளும் மாணவர்கள் பக்கம் நின்றார்கள். ஒட்டுமொத்தமாக வெளியேற்றினால் கல்லூரி காலியாகும். விட்டுக்கொடுத்தால் கல்லூரியின் நோக்கமே போகும். அந்தக் கல்வியாண்டு முடியும்வரை பொறுத்துக்கொள்வது, பிறகு பழைய விதி என்று ஒரு சமரசம் ஏற்பட்டது. மாணவர்கள் தோற்றதாகத் தோன்றியது. விதியை மாற்றியது போர். 1915ல் துருக்கி அரசின் உத்தரவுகளால் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு ஜெபம் கட்டாயமில்லை என்றானது. பழைய வடிவில் அந்தக் கட்டாயம் திரும்பி வரவேயில்லை. 1920ல் பெயரிலிருந்தும் புராட்டஸ்டண்ட் உதிர்ந்தது. அன்றிலிருந்து அது பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம்.

ஹோவர்ட் ப்ளிஸ் இறந்ததும் அதே 1920ல்தான். சாவதற்குச் சற்று முன் நவீன மிஷனரியைப் பற்றி ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். மற்ற மதங்களிலும் உண்மை உண்டு என்று ஒப்புக்கொள்பவனே நல்ல மிஷனரி என்பது அவர் வாதம். பழைய மிஷனரிகளுக்கு இது சரணாகதியாகப் பட்டிருக்கும். ஏறக்குறைய பதினெட்டு வருடம் தலைவராக இருந்து முஸ்லிம் மாணவர்களோடு பழகியவரின் அனுபவமாகவும் படிக்கலாம்.

எல்லோரும் இந்தப் பாடத்தைக் கற்கவில்லை. 1928 ஏப்ரலில் சாமுவேல் ஸ்வேமர் என்ற பிரபல அமெரிக்க மிஷனரி, கெய்ரோவின் ஆயிரமாண்டுப் பழமை கொண்ட அல் அஸ்ஹருக்குள் நுழைந்து மாணவர்களிடம் பிரசுரங்களை விநியோகித்தார். எகிப்து கொந்தளித்தது. ஸ்வேமர் சில காலம் ஊரைவிட்டு விலகி இருக்க வேண்டியதாயிற்று. அதே 1928ல்தான் இஸ்மாயிலியாவில் ஹசன் அல் பன்னா முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைத் தொடங்கினார். மிஷனரிகளை எதிர்ப்பது அதன் ஆரம்பகால வேலைகளில் ஒன்று. ஒரு தரப்பின் ஆவேசம் மறு தரப்புக்கு ஆள் சேர்த்தது.

பெய்ரூட்டில் எழுந்த கேள்வி பிறகு ஐ.நா. வரை போனது. மனித உரிமைப் பிரகடனத்தை 1948ல் வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் மாலிக். லெபனான்காரர், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர், இதே பல்கலைக்கழகத்தின் மாணவர், பின்னர் பேராசிரியர். மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் 18வது ஷரத்தில் இடம்பெற வேண்டும் என்று உறுதியாக நின்றவர் அவர். எதிர்த்தவர் சவுதி அரேபியாவின் பிரதிநிதி ஜமீல் பரூதி. வேடிக்கை என்னவென்றால் அவரும் லெபனானில் பிறந்த கிறிஸ்தவர். மிஷனரிகள் பல இடங்களில் அந்நிய ஆதிக்கத்தின் முன்னோடிகளாக இருந்ததை அவர் நினைவூட்டினார். பாகிஸ்தானின் ஜஃப்ருல்லா கானோ, இஸ்லாமும் பிரசாரம் செய்யும் மதம்தான் என்று சொல்லி ஷரத்தை ஆதரித்தார். பிரகடனத்துக்கு ஆதரவாக 48 நாடுகள் வாக்களித்தன. சவுதி அரேபியா உட்பட 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின.

இந்தியாவுக்கும் இது அந்நிய விவகாரமல்ல. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25வது ஷரத்து தருகிறது. ஆனால் அது அடுத்தவரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று 1977ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சொல்வது எங்கே முடிகிறது, மாற்றுவது எங்கே ஆரம்பிக்கிறது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

பெய்ரூட் மாணவர்கள் இதில் ஒரு கோட்டைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு நம்பிக்கையை எடுத்துச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. கேட்பவன் எழுந்து போகவும் வழி இருக்க வேண்டும். மருத்துவப் பட்டத்தைப் பணயமாக வைத்து ஒருவனை ஜெபத்தில் உட்கார வைத்தால் அவன் உடல்தான் அங்கே இருக்கும். மாறுகிறேன் என்பவனைச் சிறையைக் காட்டித் தடுத்தால், அவன் மதத்தில் எஞ்சுவதும் உடல்தான். முதல் தவறை அந்தக் கல்லூரி அரை நூற்றாண்டில் உணர்ந்தது. இரண்டாவது தவறைப் பல அரசுகள் இன்னும் உணரவில்லை.

பல்கலைக்கழகத்தின் பிரதான வாயிலில் யோவான் சுவிசேஷத்திலிருந்து எடுத்த வாசகம் இன்றும் இருக்கிறது. அதன் வழியே சுன்னி, ஷியா, துரூஸ், மரோனைட் மாணவர்கள் வகுப்புக்குப் போகிறார்கள். நின்று படிக்க வேண்டும் என்று இப்போது யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.