"போதும்" என்று ஒரு பெயரா?



பொழிச்சலூரில் நம் சபையார் வீடொன்றில் மூன்றாவதாகவும் பெண்குழந்தை பிறந்திருக்கிறது. ஜெபிக்கச் சென்ற என்னிடம் பாட்டியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, போதும்பொண்ணுன்னு வைக்கலாமா? அப்பத்தான் அடுத்தது பையன் பொறக்குமாம். கூடவே ஒரு பைபிள் பேரும் வச்சிடுவோம்." தாய் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்நேரம் கூரைக்கு மேலே விமானம் இரைந்து சென்றது; நானும் பதில் சொல்லாமல் தப்பினேன். அன்று சொல்லாததை அவ்வீட்டாரின் அனுமதியோடு இன்று எழுதுகிறேன்.

இது ஒரு வீட்டின் வழக்கமல்ல. திருத்தணி அருகே நாராயணபுரத்தில் பெண்பிள்ளைகளுக்கு "வேண்டாம்" என்றே பெயரிட்டு வந்தார்கள். மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில் "வேண்டாதவள்" என்று பொருள்படும் "நகுசா" என்னும் பெயரைச் சுமந்த 285 பெண்களுக்கு 2011 அக்டோபரில் அரசு விழா எடுத்து வேறு பெயர் சூட்டியது. பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும் ஒவ்வொரு காலையிலும் "வேண்டாம்" என்று அழைக்கப்பட்டு, "உள்ளேன்" என்று எழுந்து நிற்கும் பிள்ளையைச் சற்று எண்ணிப்பாருங்கள்.

"வேதத்திலேயே லோருகாமா இல்லையா?" என்று மூப்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்டு. இரக்கம் பெறாதவள் என்று பொருள்படும் அந்தப் பெயர் ஓசியாவின் மகளுக்கு இடப்பட்டது, இஸ்ரவேலின் பாவத்தைச் சுட்டிக்காட்டவே. பெண்ணாய்ப் பிறந்ததற்காக அல்ல. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே "ருகாமா" என்று சொல்லும்படி கர்த்தர் கட்டளையிடுகிறார். அவரே மாற்றிய சொல்லை நாம் எடுத்து வந்து தொட்டிலில் கட்டுவதோ? ராகேல் சாகும் வேளையில் பெனோனி என்றாள். துக்கத்தின் மகன் என்பது பொருள். யாக்கோபு அதை ஏற்கவில்லை, பென்யமீன் என்றான். மரணப்படுக்கையிலிருந்த மனைவியின் சொல்லையே ஒரு தகப்பன் மறுத்திருக்க, ஊர்ப்பேச்சை மறுக்க நமக்கு என்ன தயக்கம்?

யோபுவின் கடைசி அதிகாரத்தையும் வாசியுங்கள். பின்பு பிறந்த ஏழு குமாரரில் ஒருவருக்கும் அங்கே பெயரில்லை. மூன்று குமாரத்திகளுக்கு உண்டு: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். முதலாமவள் பெயருக்குப் புறா என்றும், இரண்டாமவள் பெயருக்கு வாசனைப் பட்டை என்றும், மூன்றாமவள் பெயருக்கு மைச்சிமிழ் என்றும் பொருள் சொல்வர். அத்தனை இழந்த மனிதன் தன் பெண்களுக்குத் தேடிய பெயர்களைப் பாருங்கள்! சகோதரரோடு சுதந்தரமும் கொடுத்தான். (சொத்தைப் பற்றி இன்னொரு வாரம் எழுதுவேன், சிலருக்குப் பிடிக்காது.)

பாட்டியம்மாவை மட்டும் குற்றப்படுத்த எனக்கு வாயில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டே, "அடுத்த முறை ஆண்மகவைத் தாரும்" என்று ஜெபித்தவன் நான். சுற்றிலும் ஆமென் சொன்னார்கள். அந்தத் தாய் சொன்னாரா என்பதை நான் கவனிக்கவில்லை.

குழந்தையின் வீட்டாருக்கு ஒரு சொல். பிறப்பைப் பெயரின்றியும் பதிவு செய்யலாம். 12 மாதத்திற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அவசரம் வேண்டாம். பிரதிஷ்டைப் பதிவேட்டில் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். தாயே பெயரைச் சொல்லட்டும். பாட்டியம்மா குழந்தையை ஏந்தி வரட்டும்.