ஒரே தொடர், தனித்தனி அத்தியாயங்கள்

2019 மார்ச்சில் அமேசான் பிரைமில் வெளியான ‘மேட் இன் ஹெவன்’ தொடரில், திருமண ஏற்பாட்டு நிறுவனம் நடத்தும் கரண் மெஹ்ராவின் அந்தரங்கத்தை வீட்டு உரிமையாளர் மறைந்திருந்து படம்பிடிக்கிறார். 377ஆம் பிரிவின் கீழ் கரண் கைது செய்யப்படுகிறார். வயதுவந்தோரின் மனமொப்பிய உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது ஆறு மாதங்களே ஆகியிருந்தன. தன்பாலீர்ப்புடைய ஆணை நகைச்சுவைக்கென்றே வைத்திருந்த இந்தித் திரையுலகில் இது மெய்யான முன்னேற்றம். நாம் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், மெஹ்ரா என்னும் குடும்பப்பெயர் கரணை எந்த வாசலிலும் நிறுத்துவதில்லை.

2023இல் வந்த இரண்டாம் பருவத்தில் திருநங்கையான மெஹர் பாத்திரத்தில் திருநங்கையும் மருத்துவருமான திரிநேத்ரா ஹல்தார் கும்மராஜுவே நடித்தார். அதே பருவத்தில், நீரஜ் கய்வான் இயக்கிய ஓர் அத்தியாயத்தில், பல்லவி என்னும் தலித் பெண் பௌத்த முறைப்படி மணம் புரிகிறார். அப்பாத்திரம் தமது வாழ்வையும் எழுத்தையும் தழுவியது என்று கூறி எழுத்தாளர் யஷிகா தத் உரிய அங்கீகாரம் கோரியதும், படைப்பாளர்கள் அதை மறுத்ததும் நாம் அறிந்ததே. அவ்விவாதத்தில் ஒன்று கவனிக்கப்படாமலே போயிற்று. பால்புதுமையினர்க்கு ஒரு கதை, தலித்துக்கு வேறொரு கதை. இரண்டுமாக வாழ்பவர் எங்கே?

அவரைக் காண, தொடரை விட்டு 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘அஜீப் தாஸ்தான்ஸ்’ தொகுப்புக்குச் செல்ல வேண்டியுள்ளது. அதில் ‘கீலி புச்சி’ என்னும் குறும்படத்தை இயக்கியவரும் கய்வானே. தாம் தலித் என்பதை வெளிப்படையாக அறிவித்த இயக்குநர் அவர் என்பது தற்செயலன்று.

கொங்கணா சென் சர்மா ஏற்ற பாரதி மண்டல் ஆலைத் தொழிலாளி. அவர் விரும்பிய அலுவலகப் பணி பிரியா சர்மா என்னும் பார்ப்பனப் பெண்ணுக்குப் போகிறது. இருவருக்குமிடையே ஈர்ப்பு மலர்கிறது. ஆனால் பாரதி தம்மை பானர்ஜி என்றே அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்ன கணத்தில் பிரியாவின் நெருக்கம் உறைகிறது. தன் விருப்பத்தை ஊரறியாமல் ஒளித்து வாழ நேர்ந்த வலியை அறிந்த பெண்தான் அவர். அவ்வலி அவருக்குச் சாதியை மறக்கக் கற்றுத்தரவில்லை.

இறுதியில் பிரியாவின் வீட்டில் தேநீர் வருகிறது. குடும்பத்தாருக்குப் பீங்கான் கோப்பைகள். பாரதிக்கு மட்டும் எவர்சில்வர் குவளை. இரட்டைக் குவளையை அறிந்த தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு இக்காட்சியை எவரும் விளக்க வேண்டியதில்லை.