பாயிண்டுக் கணக்கு மட்டும் போதுமா?

ஒரு கூடைப்பந்துக் கோஷ்டியில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால், ரசிகர்கள் உடனே பார்ப்பது பாயிண்டுப் பட்டியலைத்தான். ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் கமிட்டிகளும் பல சமயங்களில் அதையே செய்கின்றன. பட்டியலில் மேலே இருப்பவருக்கு இடம் உண்டு. கீழே இருப்பவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் சரி?

அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் கோஷ்டியின் சரித்திரத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும். 1957 முதல் 1969 முடிய 13 பருவங்களில் 11 முறை சாம்பியன் பட்டம் பெற்ற கோஷ்டி அது. அத்தனை ஆண்டுகளிலும், லீகிலேயே அதிகப் பாயிண்டு எடுத்தவர் என்ற பெயரை அதன் ஆட்டக்காரர் ஒருவர்கூடப் பெற்றதில்லை!

அந்தக் கோஷ்டியின் கண்ணின் மணியாக இருந்தவர் பாப் கூஸி. உயரம் ஆறடி ஒரு அங்குலம். அந்த ஆட்டத்துக்கு இது சொற்பமே. 1950-ல் சிகாகோவில் ஒரு கோஷ்டி கலைந்தபோது, அதில் எஞ்சிய மூவரின் பெயர்களைத் தொப்பிக்குள் போட்டுச் சீட்டு எடுத்தார்கள். பாஸ்டனுக்கு விழுந்த சீட்டு கூஸி. பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக்குக்கு அவர்மீது அவ்வளவு விருப்பம் இல்லை. வேண்டாத விருந்தாளியாக வந்த அந்த மனிதரோ, 1953 முதல் 1960 வரை 8 பருவங்கள் தொடர்ச்சியாக, தோழர்கள் கூடையில் போடுவதற்கு வாகாகப் பந்து கொடுத்தவர்களில் முதலிடம் பெற்றார். ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறு பக்கம் பந்தை அனுப்பும் அவரது ஜாலத்தைக் காணவே கூட்டம் கூடியது.

ஆயினும், கூஸி வந்த முதல் ஆறு பருவங்களில் பட்டம் கிட்டவில்லை. பாஸ்டன் கோஷ்டி பாயிண்டு மழை பொழிந்தது உண்மை. எதிரிகளும் பதிலுக்குப் பொழிந்தார்கள் என்பதும் உண்மை. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்ற ஆள் இல்லாவிட்டால், பந்து கொடுக்கும் மன்னன் எதைக் கொடுப்பது?

1956-ல் ஆவர்பாக் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பேர் பெற்ற எட் மக்காலேயையும், கிளிஃப் ஹேகனையும் செயிண்ட் லூயிஸ் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டு, பில் ரஸ்ஸல் என்ற ஒரே இளைஞரைப் பெற்றுக்கொண்டார். ரஸ்ஸலுக்குத் தூரத்திலிருந்து குறி பார்த்துப் போட வராது. யாரும் தடுக்காத இலவச வீச்சிலேயே 100-க்கு 56 தான் உள்ளே போகும். அதே கோஷ்டியின் பில் ஷார்மனுக்கோ 88 போகும். பாயிண்டுப் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்தப் பேரம் பைத்தியக்காரத்தனம் என்றே தோன்றும்.

ஆனால், திரும்பும் பந்தைப் பிடிப்பதில் ரஸ்ஸலின் சராசரி ஆட்டத்துக்கு 22-க்கு மேல். அதைவிட முக்கியமானது எதிரியின் பந்தை அவர் தடுத்த விதம். பலர் ஓங்கி அறைந்து பந்தை காலரிக்கு அனுப்பிவிட்டுக் கைதட்டல் வாங்குவார்கள். பந்து மறுபடியும் எதிரியிடமே போய்ச் சேரும். ரஸ்ஸல் மெதுவாகத் தட்டித் தம் தோழர் கைக்கே சேர்ப்பார். அடுத்த கணம் கூஸி மறு கோடியை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார். கூஸியின் ஜாலம் பட்டமாகக் கனிந்தது அப்போதுதான். தடுத்த பந்துகளை லீகில் கணக்கெடுக்கத் தொடங்கியதோ, ரஸ்ஸல் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் கழித்து, 1973-ல்!

1957 ஏப்ரல் 13-ந் தேதி நடந்த இறுதிப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோர் இதை நன்கு உணர்வர். கூஸியும் ஷார்மனும் சேர்ந்து 40 முறை கூடையை நோக்கி எறிந்தார்கள். உள்ளே விழுந்தவை ஐந்தே ஐந்து. நட்சத்திரங்கள் இருவரும் மங்கிப்போன அன்று கோஷ்டியைக் காத்தவர்கள் இரண்டு புதுமுகங்கள். டாம் ஹெயின்ஸன் 37 பாயிண்டு எடுத்தார். ரஸ்ஸல் 32 முறை பந்தைப் பிடித்தார். இருமுறை நேரத்தை நீட்டிய பிறகு பாஸ்டன் 125-123 என்று வென்றது.

மறுபக்கம் வில்ட் சேம்பர்லின். 1962 மார்ச் 2-ந் தேதி ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்டு எடுத்த அசகாய சூரர். அந்தப் பருவத்தில் அவர் சராசரி 50. தனி ஆளாக நிறுத்தி ஒப்பிட்டால் ரஸ்ஸலைவிட அவரே பலசாலி என்று சொல்வோரை மறுப்பது எளிதல்ல. ஆனால் அதே ஆண்டு அவரது பிலடெல்பியா கோஷ்டியை ஏழாவது பந்தயத்தில் 109-107 என்று வீழ்த்தியது பாஸ்டன்தான். கடைசி விநாடிகளில் பந்தைப் போட்டவர் ஸாம் ஜோன்ஸ். இவர் 1957-ல் ஒரு சிறு கல்லூரியிலிருந்து வந்து, ஷார்மனுக்குப் பின்னே நான்கு பருவங்கள் பொறுமையாகக் காத்திருந்தவர். அவசரப்பட்டு அவரைக் கழித்திருந்தால்?

கூஸி 1963-ல் விலகியபோது, இனி பாஸ்டன் அவ்வளவுதான் என்றார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் கே.ஸி. ஜோன்ஸ், பாயிண்டு எடுப்பதில் மிகச் சாதாரணம், எதிரியை நகரவிடாமல் மடக்குவதில் புலி. அதன் பின்னும் ஐந்து பட்டங்கள் வந்தன.

அந்நாளில் நிறம் என்ற இன்னோர் அளவுகோலும் இருந்தது. அதையும் ஆவர்பாக் ஒதுக்கினார். 1964 டிசம்பர் 26-ல், ஹெயின்ஸன் காயமுற்றிருக்க, ரஸ்ஸல், ஸாம் ஜோன்ஸ், கே.ஸி. ஜோன்ஸ், ஸாண்டர்ஸ், நால்ஸ் என ஐந்து கறுப்பர்களையே ஆட்டம் தொடங்க இறக்கினார். அந்த லீகில் அதற்கு முன் எவரும் அப்படிச் செய்ததில்லை. 1966-ல் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து அவர் விலகியபோது, அதை ஏற்றவர் ரஸ்ஸல். ஆடிக்கொண்டே பயிற்சியும் அளித்து, 1968, 1969 இரண்டு ஆண்டுகளிலும் பட்டத்தைப் பாஸ்டனுக்குக் கொண்டுவந்தார்.