கூண்டில் பிறந்த ஆல்ஃபா

எங்கள் வளாகத்தில் பாத்திரமேற்பு விளையாட்டுக் குழு ஒன்று உண்டு. சனிக்கிழமை மாலைகளில் பகடையும் தேநீருமாகக் கூடுவார்கள். இந்தப் பருவத்திற்கு அவர்கள் வகுத்த கதைக்களத்தில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஓர் ஓநாய். மனிதப் பாத்திரமே கிடையாது. ஓநாய்கள் இயல்பானவையாக, உண்மைக்கு நெருக்கமானவையாக இருக்க வேண்டும் என்று அவர்களே ஒரு நிபந்தனையையும் விதித்துக்கொண்டார்கள். தக்காணப் புல்வெளிகளைப் பற்றி ஆய்வு செய்பவன் என்பதால் பாத்திரக் குறிப்புத்தாள்களைப் பார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். மொத்தம் 11 தாள்கள். அவற்றைப் படித்து முடித்தபோது எழுந்த எரிச்சலே இந்த நீண்ட பதிவு. எரிச்சல் மாணவர்கள்மீது அன்று. அவர்கள் கையில் நாம் கொடுத்து வைத்திருக்கும் ஓநாயின்மீது.

11 ஓநாய்களில் நான்கு 'ஆல்ஃபா', மூன்று 'பீட்டா', ஒன்று 'ஒமேகா', எஞ்சிய மூன்றும் 'தனித்த ஓநாய்'. ஆல்ஃபாக்களில் ஒன்றுக்கு வலிமை 18, இரக்கம் 2. ஒமேகா எல்லோரிடமும் கடிபட்டு, மிச்சத்தைத் தின்று, ஒருநாள் கிளர்ந்தெழுந்து தலைவனின் குரல்வளையைக் கடித்துப் பதவியைக் கைப்பற்றும் என்று அதன் கதைப்போக்கு எழுதப்பட்டிருந்தது. எல்லாத் தாள்களிலும் பனி பெய்தது. எல்லாவற்றிலும் ஊசியிலைக் காடு, முழுநிலவு, ஊளை. ஒன்றிலேனும் ஒரு குட்டி இல்லை. எந்த ஓநாய்க்கும் தாய் இல்லை.

இந்த 'ஆல்ஃபா' எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வு மாணவர்களாவது அறிந்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விலகிச் செல்ல வழியற்ற அடைப்புக்குள் வளர்ந்த விலங்குகள் ஒன்றோடொன்று காலந்தள்ள வேண்டியிருந்தபோது, எது முன்னே வரும், எது வாலை ஒடுக்கும் என்றொரு படிநிலை உருவானதை அவர் பதிவு செய்தார். கண்டதைத்தான் எழுதினார், அதில் பொய்யில்லை. கூண்டில் கண்டதைக் காட்டுக்கும் பொதுவாக்கியதில்தான் பிழை. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட ஓநாய் நூல் அந்தச் சொல்லைத் தொலைதூரம் கொண்டுசென்றது. அதே மெக், 1986 முதல் ஆண்டுதோறும் கோடையில் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குச் சென்று, காட்டு ஓநாய்களின் வளைக்கு அருகிலேயே இருந்து அவற்றைக் கவனித்தார். 1999இல் அவர் எழுதிய கட்டுரை பழைய சித்திரத்தை மாற்றியது. இயல்பான ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம்: தாய், தந்தை, அவற்றின் குட்டிகள். கூட்டத்தை நடத்துபவை போட்டியில் வென்ற மல்லர்கள் அல்லர், பெற்றோர். அவற்றை ஆல்ஃபா என்பதும் நம் வீட்டுத் தாய்தந்தையரை ஆல்ஃபா என்பதும் ஒன்றுதான். பிறகு தம் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி அவர் பதிப்பகத்தாரை நெடுங்காலம் வேண்டினார். 2022இல் அது நின்றது. தம் பெயருக்குப் புகழ் சேர்த்த நூலைத் தாமே சந்தையிலிருந்து விலக்கப் போராடிய ஓர் அறிஞர்! மேற்கோள் எண்ணிக்கையைக் கொண்டு பதவி உயர்வு பெறும் நம் உலகத்தில் இதைக் கற்பனை செய்யவும் இயலவில்லை.

விதிவிலக்கு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. யெல்லோஸ்டோனின் டிரூயிட் பீக் கூட்டம் 2001இல் 37 ஓநாய்கள் வரை பெருகியது. ஒன்றுக்கு மேற்பட்ட பெண் ஓநாய்கள் ஈனும் இத்தகைய பெருங்கூட்டங்களில் முந்துரிமைச் சண்டைகள் நிகழ்வதுண்டு. ஆனால் அந்த 37ஐ விதியாகக் கொண்டு, வேறெங்கோ ஐந்தாறு பேர் கொண்ட குடும்பமாக வாழும் ஓநாய்க்குப் பட்டம் சூட்டுவது ஆய்வாகாது; விளையாட்டிலும் அதற்கு இயல்பு என்று பெயரில்லை. ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா என்று தாள் எழுதும் ஆட்டக்காரர் ஓநாய் வேடம் பூண்டிருப்பதாக நம்புகிறார். அவர் பூண்டிருப்பது கைதியின் வேடம். கூண்டு இருப்பதே அவருக்குத் தெரியாது.

"விளையாட்டுதானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. ஓநாய்கள் பேசுகின்றன என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவற்றுக்குப் பெயரும் நினைவும் பழிவாங்கும் எண்ணமும் இருக்கட்டும். கதைக்கு அது தேவை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் ஓநாய்க்கு 11 உயிர்ப்புள்ளிகள். தோழன் பக்கத்தில் நின்றால் தாக்குவது எளிதாகும். கடித்தால் எதிரி தரையில் விழக்கூடும். புதிய வீரர்கள் கொன்று பழகுவதற்காக வைக்கப்பட்ட விலங்கு அது. அதன்மீதும் எனக்குக் குறையில்லை. தன்னை இயல்பானது என்று அது சொல்லிக்கொள்வதில்லை. 'இயல்பான ஓநாய்' என்ற பலகையை மாட்டிக்கொண்டு பழைய பொய்யைப் புதிதாக விற்பதைத்தான் எதிர்க்கிறேன். மிகைகற்பனையை யாரும் தேர்வுத்தாளில் எழுதுவதில்லை. 'இயல்பு' என்று கற்றதை எழுதுவார்கள். மின்னசோட்டா உயிரியல் பூங்கா பங்கேற்று 2007இல் வெளிவந்த வுல்ஃப்குவெஸ்ட் என்ற விளையாட்டில் ஆட்டக்காரர் துணை தேட வேண்டும், நிலம் பிடிக்க வேண்டும், குட்டிகளை வளர்க்க வேண்டும். அதை விரும்பி ஆடியவர்கள் ஏராளம். ஆகவே படிநிலைச் சண்டை இல்லாவிட்டால் சுவை இராது என்ற வாதமும் நிற்காது.

சுவைக்கு என்ன குறை? ஓநாய்க் குடும்பத்தின் ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தீபகற்பத்தில் மழை ஓய்ந்த பின் இணை சேரும். ஏறத்தாழ 63 நாட்களில், குளிர்காலத்தில் குட்டிகள் பிறக்கும். கண் திறக்காத, காது கேளாத குட்டிகள். தாய் வளையை விட்டு அகல இயலாத அந்த நாட்களில் தந்தை உணவு கொண்டுவர வேண்டும். முந்தைய ஆண்டின் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவையும் கொண்டுவரும். குட்டிகள் சற்று வளர்ந்ததும், திரும்பி வந்த ஓநாயின் வாயை நக்கும். வயிற்றில் சுமந்து வந்த இறைச்சியை அது கக்கித் தரும். தானும் பசித்திருக்கும் ஓர் இளம் ஓநாய், வேட்டையாடிய இடத்திலேயே முழுதும் செரித்துவிடுமா, தம்பி தங்கைக்கென்று வயிற்றில் வைத்துக் கொண்டுவருமா? இதைவிட நல்ல பகடைத் தருணம் எது? பெரும்பாலான வேட்டைகள் தோல்வியிலேயே முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலிமை 18 உள்ள ஓநாயும் நாள்கணக்கில் வெறும் வயிற்றோடு திரும்பும்.

ஓராண்டுக்கும் மூன்றாண்டுக்கும் இடைப்பட்ட வயதில் பெரும்பாலான பிள்ளைகள் குடும்பத்தை விட்டுப் பிரிகின்றன. 'தனித்த ஓநாய்' என்று நாம் காவியம் பாடுவது இந்தப் பருவத்தைத்தான். அது வெறுத்து விலகிய துறவி இல்லை. துணையும் நிலமும் தேடி, வேறு குடும்பங்களின் மணக்குறிகளுக்கு இடையே அஞ்சி அஞ்சி நடக்கும் ஓர் இளைஞன் அல்லது இளம்பெண். ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டு வேற்று மாநில விடுதியில் கிடக்கும் ஆய்வு மாணவருக்கு இது புரியாமல் போகாது. ஊளைக்கும் நிலவுக்கும் தொடர்பில்லை. பிரிந்த உறவை அழைக்கவும், இது எங்கள் இடம் என்று அயலாருக்கு அறிவிக்கவும் எழும் குரல் அது. புதிய நிலத்தில் நிற்கும் ஓர் இளம் ஓநாய் ஊளையிடுவதா, வாய்மூடிச் செல்வதா என்பதே உயிர் காக்கும் முடிவு.

இனி, என்னைத் தூங்கவிடாத பகுதிக்கு வருகிறேன். பனியும் ஆல்ஃபாவும் நிறைந்த தாள்களில் ஒன்று சோலாப்பூர் மாவட்டத்து மாணவருடையது. அவர் வீட்டில் ஆடு உண்டு. சிறுவயதில் பட்டியைச் சுற்றி இரவு விழித்துக் காத்ததைப் பற்றி அவரே முன்னொருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். "உங்கள் ஊரிலேயே ஓநாய் இருக்கிறதே, அதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "அது லாண்ட்கா சார். இது வுல்ஃப்" என்றார். லாண்ட்கா என்பது ஓநாய்க்கான மராத்திச் சொல். கேலியாகச் சொல்லவில்லை, வேறுபாடு தெரியாதவனுக்கு விளக்கும் பொறுமையோடு சொன்னார்.

அவர் மனத்தில் இரண்டு விலங்குகள் இருக்கின்றன. ஒன்று ஆங்கிலம் பேசும், பனியில் நிற்கும், மாண்புடையது. மற்றொன்று ஆட்டைத் திருடும், புழுதி நிறமானது, பெயர் சொல்லவும் தகுதியற்றது. முதல் விலங்கைச் சட்டையில் அச்சிட்டு அணிகிறோம். இரண்டாவதன் வளையில் புகை போடுகிறார்கள், யாரும் பதிவிடுவதில்லை. சைக்ஸ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1831இல் அறிவியல் பெயர் சூட்டியது இந்தத் தக்காண ஓநாய்க்குத்தான். மரபணு ஆய்வுகள் இதை உலகின் மிகத் தொன்மையான ஓநாய்க் கிளைகளுள் ஒன்றாகக் காட்டுகின்றன. யெல்லோஸ்டோன் ஓநாயில் பாதி எடையே இருக்கும் மெலிந்த விலங்கு. வேளாவதரில் வெளிமானை வேட்டையாடும், சீமைக்கருவேலப் புதரில் பகலைக் கழிக்கும். சோலாப்பூரிலும் கொப்பளிலும் செம்மறிக் கிடைகளின் பின்னே நடக்கும். மேய்ச்சல் சமூகங்களில் சில முதியவர்கள் தொலைந்த குட்டியை ஓநாயின் பங்கு என்று கணக்கெழுதி விடுவதைக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் அப்படி இல்லை. நஞ்சு வைப்பவர்களும் உண்டு.

ஆங்கிலேய அரசு தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி கொடுத்து 1875 முதல் 1925 வரையிலான 50 ஆண்டுகளில் இரண்டு இலட்சம் ஓநாய்களைக் கொல்வித்ததாக வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிடுகிறார். இன்று நாடு முழுவதும் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ மூவாயிரம்; புலிகளின் எண்ணிக்கையை ஒட்டியது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் புலிக்கு நிகரான பாதுகாப்பைத் தாளில் தருகிறது. நிலத்திலோ, இவை வாழும் புல்வெளிகள் அரசின் வரைபடத் தொகுப்பில் தரிசு என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. தரிசில் சூரிய மின்பலகை நடலாம், மரம் நட்டுக் காடு வளர்த்ததாகக் கணக்குக் காட்டலாம். ஊசியிலை மரம் இல்லாத இடத்தை ஓநாயின் வீடாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளாத ஒரு தலைமுறைக்கு அந்தச் சொல் உறுத்தவே உறுத்தாது. ஒரு பாத்திரத்தாளில் இவ்வளவு பாரத்தை ஏற்றுகிறேனா? ஏற்றத்தான் செய்கிறேன். நாளை மாவட்ட அலுவலகத்தில் கோப்பில் கையெழுத்திடப் போகிறவர்களும் இதே மாணவர்கள்தாம்.

இடையில் ஒன்று: கிப்ளிங்கின் ஓநாய்கள் சிவனி மலையைச் சேர்ந்தவை, எழுதப்பட்டதோ அமெரிக்காவின் வெர்மாண்டில். ஷெங்கலுக்கு அரை நூற்றாண்டு முன்பே பாறைமேல் தலைவனை அமர்த்திவிட்டார். ஆனால் குகையில் குட்டிகளோடு கிடக்கும் அந்தத் தாயும் தந்தையும் அவர் அறியாமலேயே சரியாக வந்துவிட்ட சித்திரம்.

இதற்கு நேர்மாறான பொய்யையும் நான் வேண்டவில்லை. ஓநாய் ஒருபோதும் மனிதரைத் தொடாது என்று எழுதிய தாளையும் திருப்பித்தான் தருவேன். 1996இல் உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கட், ஜான்பூர், சுல்தான்பூர் பகுதிகளில் ஓநாய் குழந்தைகளைத் தூக்கிச் சென்றது. 2024இல் பஹ்ராயிச்சில் மீண்டும் நிகழ்ந்தது. இறந்தவர்கள் பெரும்பாலும் கதவில்லாத வீடுகளின் ஏழைக் குழந்தைகள். 1996இல் ஓநாய் வேடமிட்ட மனிதன் திரிகிறான் என்ற வதந்தி பரவி, அப்பாவிகளையும் கும்பல்கள் அடித்துக் கொன்றன. விளையாட்டில் இதற்கும் இடம் வேண்டும். உங்கள் ஓநாய் அந்தக் கதவில்லாத வீட்டைக் கடக்கும் இரவில் என்ன செய்யும் என்பதை ஆட்டக்காரர் தீர்மானிக்கட்டும். காலையில் அந்தத் தாயின் பாத்திரத்தையும் அவரே ஏற்று நடிக்கட்டும்.

சென்ற சனிக்கிழமை தாள்களிலிருந்து பட்டங்களை அடித்துவிட்டு, மூன்று கேள்விகளை எழுதினோம். நீ யாருடைய பிள்ளை? உன் வயிற்றிலிருந்து யாருக்கு ஊட்டுகிறாய்? எப்போது கிளம்பப் போகிறாய்? இரண்டு பேர் சலித்துக்கொண்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். ஆல்ஃபா இல்லாமல் அவர்களுக்கு ஆட்டம் இல்லை. சோலாப்பூர் மாணவர் புதிய தாளோடு வந்தார். இரண்டு வயதுப் பெண் ஓநாய், லாண்ட்கா என்றே பெயரிட்டிருந்தார். தாய் நெடுஞ்சாலையில் அடிபட்டு இறந்துவிட்டாள். ஓடைக்கரை வளையில் நான்கு தம்பி தங்கைகள். பகலில் பதுங்கும் கரும்புத் தோட்டத்தில் வெட்டு தொடங்கிவிட்டது. ஊர்நாய்கள் வளையை மோப்பம் பிடித்துவிட்டன. குட்டிகளை வாயில் கவ்வி, ஒவ்வொன்றாக இடம் மாற்ற வேண்டும். எதை முதலில் தூக்குவது என்பதற்குப் பகடை உருட்டலாமா என்று ஆட்ட நடத்துநரிடம் கேட்டார். கூடாது, நீயே சொல் என்றார் அவர். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. ஆட்டம் அங்கேயே நிற்கிறது. வரும் சனிக்கிழமை தொடரும்.