டெக் போடும் முன் ஸ்குரூவை எண்ணுங்கள்

கனடாவில் பனி உருகியதும் வீட்டுப் பின்வளவுகளில் மர டெக் போடும் வேலை தொடங்கிவிடும். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வீடு வாங்கிய தமிழர்களுக்கும் இது பழகிய வேலைதான். மரத்துக்கு நாலு கடையில் விலை கேட்பவர்கள்கூட, ஸ்குரூ என்று வந்தால் டெக்கின் பரப்பளவை மட்டும் சொல்லிப் பெட்டியை வாங்கி வந்துவிடுகிறார்கள். 100 சதுர அடிக்கு 350 ஸ்குரூ என்பது அங்கே புழங்கும் கணக்கு. அதை நம்பி வேலையில் இறங்குவது தவறு என்பேன்.

எத்தனை ஸ்குரூ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, மேலே போடும் பலகை கீழே உள்ள ஜாய்ஸ்ட் சட்டங்களை எத்தனை இடத்தில் கடக்கிறது என்பதுதான். கடக்கும் இடம் ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்குரூ. 16 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஒரு டெக். பலகைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. 16 அங்குலத்துக்கு ஒரு ஜாய்ஸ்ட் என்றால் மொத்தம் 13 வரும். ஆறு அங்குலப் பலகை என்று கடையில் விற்பதன் உண்மையான அகலம் ஐந்தரை அங்குலம். ஈரம் காயாத பலகையை நெருக்கித்தான் போடுவார்கள்; காயும்போது இடைவெளி தானே விழும். அப்படிப் போட்டால் 26 வரிசை 12 அடியை எட்டாது. 27-ஆவது பலகையை நீளவாக்கில் அறுத்துப் போட வேண்டும். 27 வரிசை, 13 ஜாய்ஸ்ட், இடத்துக்கு இரண்டு: 702 ஸ்குரூ. பரப்பளவுக் கணக்கில் 672 போதும். முப்பதுதானே குறைகிறது என்று தோன்றலாம். ஜாய்ஸ்ட்டை 12 அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்கினால் அதே டெக்குக்கு 918 வேண்டும். 16 அடிப் பலகைக்குப் பதில் இரண்டு 8 அடிப் பலகையை முட்டவைத்தால், முட்டும் இடத்தில் இரு நுனிக்கும் தனித்தனியே அடிக்க வேண்டும். அதற்கு இன்னும் 54. படிகள் இதற்கு மேல். சதுர அடி இவற்றில் எதையும் காட்டாது.

குறைந்தால் போய் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். பாதி வேலையில், கடை பூட்டிய நேரத்தில் கையிருப்பு தீரும்போது நடப்பது வேறு. சிலர் இடத்துக்கு ஒன்றோடு நிறுத்துவார்கள். மழையும் வெயிலும் பட்டதும் பிடிப்பில்லாத ஓரம் மேலே வளையும். சிலர் கராஜில் கிடக்கும் டிரைவால் ஸ்குரூவை எடுப்பார்கள். இதுதான் மோசம். 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்தில் ஆர்சனிக் கலந்த பதப்படுத்தலைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த மருந்துகளில் செம்பு அதிகம். டிரைவால் ஸ்குரூ போன்ற சாதாரண இரும்பை அது அரித்துவிடும். சூடான துத்தநாகத்தில் முக்கியது, பதப்படுத்திய மரத்துக்கென்றே பூச்சிட்டது, அல்லது துருப்பிடிக்காத எஃகு, இவைதான் தாங்கும்.

கணக்குக்கு மேல் பத்து சதவீதம் வாங்குவதை வீண்செலவு என்று சொல்ல முடியாது. தலை வழுக்கியதும், கழுத்து முறிந்ததும், புல்லில் விழுந்ததும் போக மிஞ்சுவது, பின்னாளில் ஒரு பலகையை மாற்றும்போது அதே ரகமாகக் கையில் இருக்கும். ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லை என்போரும் உண்டு. அவரும் சதுர அடியில்தான் விலை சொல்வார். ஜாய்ஸ்ட் இடைவெளி என்ன, இடத்துக்கு எத்தனை ஸ்குரூ, என்ன ரகம் என்று கேட்டு எழுதி வாங்குவது வீட்டுக்காரரின் உரிமை.

மிஞ்சிய டெக் ஸ்குரூவை, ஜாய்ஸ்ட்டின் நுனியைத் தாங்கும் ஹேங்கரிலோ, வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிணைக்கும் லெட்ஜர் பலகையிலோ மட்டும் போட்டுவிடாதீர்கள். பக்கவாட்டுப் பாரம் வந்தால் அவை பட்டென்று முறியும். ஹேங்கருக்கு அதைச் செய்தவர் குறிப்பிட்ட ஆணியோ ஸ்குரூவோதான் வேண்டும். லெட்ஜருக்குப் போல்ட் அல்லது பாரம் தாங்கவென்றே செய்த தடித்த ஸ்குரூ. இவற்றை வரைபடத்தைப் பார்த்துத் தனியாக எண்ணி, தனிப் பெட்டியில் வாங்குங்கள்.