சயனைடு மேடுகளும் சரிவு அபாய வரைபடமும்

மலைச்சரிவு என்பது மலைநாட்டாருக்கே உரிய இடர் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நீலகிரி, குடகு, வயநாடு, டார்ஜிலிங் என்ற பெயர்களோடு சேர்ந்தே அச்சொல் செவியில் விழுகிறது. கோலார் ஜில்லாவின் சமவெளியில் வாழ்வோர் அதைப் பற்றிக் கவலைப்படக் காரணம் எதுவும் இல்லை என்றே பலரும் கருதுவர். ஆயினும், பங்காருபேட்டை ஜங்ஷனிலிருந்து உரிகம், சாம்பியன் வழியாக மாரிக்குப்பம் செல்லும் கிளைப் பாதையில் பிரயாணம் செய்வோர், குடியிருப்புகளுக்கு அருகே ஓங்கி நிற்கும் வெளிர்நிற மேடுகளைக் காணத் தவறமாட்டார்கள். இயற்கையின் படைப்பல்லாத இம்மேடுகள், தங்கச் சுரங்கத் தொழில் விட்டுச் சென்ற கழிவுக் குவியல்களாகும். சரிவு அபாயத்தை மதிப்பிடும்போது இவற்றையும் கணக்கில் சேர்ப்பது அவசியம். அவ்வாறு மதிப்பிட்ட அபாயம், நிலத்தைப் பயன்படுத்துவது பற்றிய உத்தரவுகளிலும் அவசரகாலத் திட்டங்களிலும் இடம்பெறுவது அதனினும் அவசியம்.

கோலார் தங்க வயலில் 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நவீன முறையில் சுரங்கத் தொழிலை நடத்தினர். சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசாங்கத்தின் வசமும், 1962இல் மத்திய அரசாங்கத்தின் வசமும் வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைமட்டத்திற்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அங்கிருந்து வெட்டி எடுத்த பாறையை மாவாகப் பொடித்து, சயனைடு கரைசலின் உதவியால் தங்கத்தைப் பிரித்தெடுத்தார்கள். எஞ்சிய நுண்பொடி தலைமுறை தலைமுறையாகக் குவிந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. குவியல்கள் மட்டும் நின்றுவிட்டன. இன்று அவை 13 மேடுகளாகவும், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் எடையுள்ளனவாகவும் கணக்கிடப்பட்டிருக்கின்றன.

ஒரு சரிவு நிலைத்து நிற்பதற்கும் இடிந்து வீழ்வதற்கும் உள்ள விதிகள் மலைக்கும் மேட்டுக்கும் பொதுவானவை. மண்ணைக் கீழே இழுப்பது அதன் எடை. இழுக்கவிடாமல் நிறுத்துவது மண்துகள்களுக்கிடையே உள்ள உராய்வும் பிணைப்பும். துகள்களின் இடைவெளியில் நீர் நிரம்பினால் எடை கூடுகிறது; நீரின் அழுத்தம் உராய்வைக் குறைக்கிறது. அடிவாரத்தைத் தோண்டினால் தாங்கும் பகுதி அற்றுப் போகிறது. நிலம் அதிர்ந்தால் பிணைப்பு தளர்கிறது. இயற்கை மலைக்குப் பாறையும் மரவேர்களும் ஓரளவு பலமளிக்கின்றன. பொடித்த கழிவு மேட்டிற்கு அத்துணைகள் இல்லை. மழைநீர் தங்க வயல் மேடுகளின் பக்கங்களை அரித்து ஓடைகளைப் போன்ற பள்ளங்களை ஏற்படுத்துவதையும், கழிவு மண் தாழ்ந்த நிலங்களுக்கு அடித்துச் செல்லப்படுவதையும் உள்ளூர் மக்கள் நன்கு அறிவார்கள்.

மழை குறைந்த சமவெளியில் இத்தகைய கவலை மிகையானது என்று சிலர் வாதிக்கலாம். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. வயநாட்டில் பெய்யும் மழையோடு கோலாரின் மழையை ஒப்பிட இயலாது. ஆனால் சரிவைத் தூண்டுவது பெரும்பாலும் ஆண்டின் மொத்த மழையன்று. ஓரிரு நாட்களுக்குள் கொட்டித் தீர்க்கும் மழையே. மேலும் இவ்வட்டாரத்திற்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. ஆழ்சுரங்கங்களில் பாறை வெடிப்புகள் நிகழ்ந்து தரைமேல் உள்ள கட்டிடங்களையும் அதிரச் செய்த வரலாறு இதற்கு இருக்கிறது. சுரங்கங்கள் மூடப்பட்டு நீர் நிறைந்த பின்னரும் சிறு அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, மேடுகள் இனி இருந்தபடியே இருக்கப் போவதில்லை. அவற்றில் எஞ்சியுள்ள தங்கத்தை மீட்க ஆயிரம் ஏக்கருக்கும் சற்று அதிகமான பரப்பில் மேற்பரப்புச் சுரங்கப் பணி நடத்தும் மத்திய அரசாங்கத்தின் யோசனைக்கு, 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் அளித்தது. நெடுங்காலம் அசையாது கிடந்த மேட்டைத் தோண்டும்போது அதன் சாய்வும் நீரோட்டமும் மாறுகின்றன. ஆகவே, பழைய அனுபவத்தைக் கொண்டு புதிய நிலைமையை அளப்பது விஞ்ஞான முறையாகாது.

நாட்டின் சரிவு அபாயத்தை வரைபடமாக்கும் பொறுப்பு இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மலைப் பிரதேசங்களில் ஏறத்தாழ 4 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பை 1:50,000 என்ற அளவில் அத்துறை ஆராய்ந்துள்ளது. 2024 ஜூலை 19ஆம் தேதி கல்கத்தாவில் தேசியச் சரிவு முன்னறிவிப்பு நிலையமும் தொடங்கப்பட்டது. இவை பாராட்டத்தக்க பணிகள். ஆயினும் 1:50,000 அளவுள்ள படத்தில் ஒரு சென்டிமீட்டர் அரைக் கிலோமீட்டரைக் குறிக்கிறது. ஜில்லாவின் எந்தப் பகுதி ஆராயத்தக்கது என்பதை அது காட்டும். ஒரு பள்ளிக்கூடத்தை எங்கே கட்டலாம் என்பதைக் காட்டாது. அதற்குப் பன்மடங்கு பெரிய அளவுள்ள படமும் மண் பரிசோதனையும் வேண்டும். இயற்கை மலைகளுக்கென வகுத்த திட்டத்தில் சமவெளியில் நிற்கும் செயற்கை மேடு இடம்பெறாமல் போவதும் எளிது.

இத்தகைய மேட்டைக் கணக்கில் சேர்க்காததன் விலையை வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமம் உலகிற்கு உணர்த்தியது. 1966 அக்டோபர் 21ஆம் தேதி காலை, நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு ஒன்று மழையில் ஊறிச் சரிந்து, கீழேயிருந்த ஆரம்பப் பள்ளியை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். அம்மேடு நீரூற்றுகளின் மேல் குவிக்கப்பட்டிருந்தது. பள்ளியின் பின்புறம் கழிவு கொட்டப்படுவதால் நேரக்கூடிய அபாயத்தைப் பற்றி உள்ளூர் நகராட்சி சில ஆண்டுகளுக்கு முன்பே சுரங்க நிர்வாகத்திற்குக் கடிதம் எழுதியிருந்தது. 1969இல்தான் பிரிட்டனில் கழிவு மேடுகளின் பாதுகாப்பிற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது.

அபாயம் ஆராயப்பட்ட இடத்திலும் அறிவு செயலாகாமல் போவதுண்டு. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் லயன்களைப் புதைத்தது. அவ்விடம் வசிக்கத் தகுந்ததல்ல என்று அந்நாட்டின் தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. குடும்பங்களை அப்புறப்படுத்த மாற்று நிலமும் வீடும் உரிய காலத்தில் கிட்டவில்லை. பள்ளிக்குச் சென்றிருந்த குழந்தைகள் பிழைத்தனர். அவர்களில் பலருக்குத் திரும்பிச் செல்ல வீடு இல்லை.

இவ்விரு சம்பவங்களிலிருந்தும் தங்க வயலுக்குப் பெறத்தக்க பாடங்கள் தெளிவானவை. முதலாவதாக, 13 மேடுகளில் ஒவ்வொன்றுக்கும் அதன் சாய்வு, நீர்வழி, மண்ணின் தன்மை, சரிந்தால் மண் எவ்வளவு தூரம் பாயக்கூடும் என்ற மதிப்பீடு ஆகியவற்றைக் காட்டும் பெரிய அளவுப் படம் தயாராக வேண்டும். தோண்டும் பணி தொடங்குமுன் இப்படம் முடிவடைய வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனையாக இருத்தல் நலம். இரண்டாவதாக, மண் பாயக்கூடிய எல்லைக்குள் புதிய பள்ளி, ஆஸ்பத்திரி, குடியிருப்பு ஆகியவற்றுக்கு அனுமதி தரலாகாது. ஏற்கெனவே அங்கு வசிப்போரில் சுரங்கம் மூடியதால் வாழ்வு இழந்த தொழிலாளர் குடும்பங்கள் இருக்குமாயின், அவர்களை வெறும் நோட்டீஸால் வெளியேற்ற நினைப்பது நியாயமன்று. மாற்று வீடு தராத எச்சரிக்கை எத்தகைய பயனை அளிக்கும் என்பதை மீரியபெத்தை காட்டிவிட்டது.

மூன்றாவது பாடம் அவசரகாலத் திட்டம் பற்றியது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் நிர்வாகச் சட்டம், ஜில்லாவில் இடருக்கு இலக்காகக்கூடிய பகுதிகளைத் திட்டத்தில் குறிப்பிட வேண்டும் என விதிக்கிறது. கழிவு மேடுகளின் அடிவாரங்கள் அப்பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட வேண்டும். எவ்வளவு மழை பெய்தால் யார் அறிவிப்பது, மக்கள் எந்த வழியாக எங்கே கூடுவது என்பவற்றையும் முன்னரே நிர்ணயிக்க வேண்டும். இலங்கையில் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீட்டர் மழை என மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறார்கள். அவ்வெண்கள் அந்நாட்டு மலைகளுக்குரியவை. தங்க வயலுக்குரிய எண்களை இங்குள்ள மண்ணை ஆராய்ந்தே காண வேண்டும்.

இப்பணியில் களப்பணியாளரும் ஆசிரியரும் ஆற்றக்கூடிய பங்கு பெரிது. மேட்டின் உச்சியில் புதிய வெடிப்பு, அடிவாரத்தில் திடீரெனத் தோன்றும் ஊற்று அல்லது கலங்கல் நீர், உப்பிய தரை, சாய்ந்த கம்பம் ஆகியவை சரிவுக்கு முன் தோன்றக்கூடிய அறிகுறிகள். வாரம் ஒருமுறை பார்வையிட்டுத் தேதியுடன் குறித்து வைப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பள்ளியில் ஒரு மழைமானியை நிறுவி, மாணவர்களைக் கொண்டு நாள்தோறும் அளக்கச் செய்தால், அது பூகோளப் பாடமாகவும் ஊரின் பாதுகாப்பாகவும் அமையும். ஆனால் இக்குறிப்புகளைப் பெற்றுக்கொண்டு பதிலளிக்கும் கடமை ஓர் அதிகாரியின் பெயரில் நிர்ணயிக்கப்பட்டிருக்க வேண்டும். அபர்ஃபானில் கடிதம் எழுதுவோருக்குக் குறைவில்லை. அதைப் படித்துச் செயல்படும் கடமையை ஏற்றவர்தான் இல்லை.