கைகளின் மொழிக்கு எழுத்து வேண்டாமா?

“கையசைப்பை எப்படி எழுதுவது?” என்று மறைக்கல்வி ஆசிரியர் கூட்டமொன்றில் ஒருவர் கேட்டார். அவை சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

புதுக்கோட்டை மண்ணில் நின்று இப்படிச் சிரிக்கலாகாது. காற்றில் கரையும் சுரங்களை ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டிலேயே குடுமியான்மலைப் பாறையில் எழுத்தாகப் பொறித்த மண் இது. எழுத்து வானத்திலிருந்து விழுவதன்று. தேவையை உணர்ந்தோர் ஆக்குவது. எகர ஏகாரக் குழப்பம் நீங்கத் தமிழெழுத்தைத் திருத்திய வீரமாமுனிவரும் ஒரு குருவே.

கடினம் உண்டு, மறுக்கவில்லை. பேச்சில் ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சைகையிலோ கைவடிவம், இடம், அசைவு, முகக்குறிப்பு யாவும் ஒருசேர நிகழ்கின்றன. புருவம் உயர்ந்தால் கூற்றே வினாவாகிவிடும். எனினும் 1825-இல் பிரான்சில் பெபியான் முயன்றார்; 1960-இல் அமெரிக்காவில் ஸ்டோக்கி குறியீடுகள் வகுத்தார்; நடன அசைவுகளை எழுத வழிகண்ட வேலரி சட்டன் 1974-இல் ‘சைன்ரைட்டிங்’ முறையை உருவாக்கினார். 2015-இல் அது யூனிகோடிலும் இடம்பெற்றது. ஆகவே இயலாது என்பது பொய்.

“தமிழ் எழுதக் கற்றால் போதாதா?” என்பர். கற்கட்டும், நல்லதே. ஆனால் தமிழெழுத்து ஒலியின் எழுத்து. ஒலியையே அறியாத குழந்தைக்கு அது பிறமொழி. இந்தியச் சைகைமொழிக்கோ தனி இலக்கணம் உண்டு; அதில் வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும்.

“காணொளி இருக்கிறதே?” என்பர். 2021-இல் பத்தாயிரம் சொற்களை எட்டிய இந்தியச் சைகைமொழி அகராதி காணொளியாகவே வந்தது. அரும்பணி அது. ஆனால் காணொளியில் முகத்தை மறைக்க முடியாது. மறைத்தால் இலக்கணமே சிதையும். அவ்வாறாயின், பெயர் வெளியிட அஞ்சும் பெண் தன் முறையீட்டை எங்கே வைப்பாள்? தனக்கு மட்டுமேயான நாட்குறிப்பை, அடித்துத் திருத்தி எழுதும் மன்றாட்டை, ஒரு சிறுவன் எங்கே எழுதுவான்? எழுத்து என்பது நினைவு மட்டுமன்று, தனிமையும்கூட. அத்தனிமையை அவர்களுக்கு மறுப்பது நீதியா?

நமக்கு ஒரு பழங்கடனும் உண்டு. பள்ளிகளிலிருந்து சைகைமொழியை விலக்கிய 1880-ஆம் ஆண்டு மிலான் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் ஜூலியோ தாரா என்னும் குரு. 2010-இல் வான்கூவரில் கூடிய மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்து வருந்தியது. நாம் வருந்தினோமா?

எழுத்தை நாம் ஆக்கித் திணிக்க வேண்டா. அதுவும் மிலானின் ஆணவமே. எம்முறை வேண்டும் என்பதைக் காது கேளாதோரே தெரிவு செய்யட்டும். நாம் முதலில் அவர்கள் மொழியைக் கற்போம். மறைக்கல்வி வகுப்பில் அதற்கு இடமளிப்போம். அவர்கள் எழுதுவதை அச்சேற்றுவோம்.

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் காது கேளாதவரைத் தனியே அழைத்துச் செல்கிறார். சொல்லுக்கு முன் அவருடைய விரல்கள் பேசுகின்றன. நாமோ இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். திறக்கப்பட வேண்டியவை யாருடைய செவிகள்?